மெடிக்கல் கொண்டு வாரும்

"பனடோல் ஒண்டு போட்டிட்டு வந்து நில்லும்" என்று, வார்ட்டில் ஒற்றைத் தலையிடியோடு வந்து நின்ற என் தாதிய மாணவியிடம் நான் சொன்னதற்கு அவள் சொன்ன பதில்தான் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "மிஸ், மாதத்தில 15 நாள் போட்டால் குளிசையாலயே தலையிடி வருமெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். நான் அந்தக் கணக்கைத் தாண்டிட்டன்."

3 மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் என்பதையும் சேர்த்துத்தான் படிப்பித்தேன், அதை அங்கே நின்று திருத்தப் போகவில்லை. அவள் வாய்க்காட்டவும் இல்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, யன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சொன்னாள்.

சரி, போய்ப் படும் என்று அனுப்பிவிட்டேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை, சத்தி வருகிற பிள்ளையின் கையில் ஊசி மருந்தை அளக்கக் கொடுக்க முடியாது. குழப்பம் வரவு விஷயத்தில்தான். "மெடிக்கல் கொண்டு வாரும், பார்ப்பம்" என்றேன், வைத்தியர் எழுதித் தரும் சான்றிதழைத்தான். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், அதை வகுத்தது நானில்லை, ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு முழுப் பட்சுக்கும் தலையிடி வரும்.

ஆனால் ஒற்றைத் தலையிடிக்கென்று ஒரு இரத்தப் பரிசோதனை இல்லை. ஸ்கான் எடுப்பதும் வேறு வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். வைத்தியர் கேட்டுத்தான் எழுதவேண்டும்: ஒரு பக்கமா, விண்விண் என்று துடிக்கிறதா, படியேறினால் கூடுகிறதா, 4 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலம் வரை நிற்கிறதா. இதெல்லாம் அவள் எனக்குச் சொல்லியாயிற்று. அதையே ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவு வரிசையில் சித்திரை வெயிலுக்குள் நின்று இன்னொருவருக்குச் சொல்லி, அவர் கடதாசியில் எழுதித் தந்தால் நான் நம்புவேனாம்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள் பலர் விடிய 7 மணி வார்ட்டுக்கு வெறும் வயிற்றோடுதான் வருகிறார்கள், இரவு நித்திரையும் இல்லை. சாப்பாடு தவறினாலும் நித்திரை குழம்பினாலும் இந்தத் தலையிடி கிளம்பும் என்று ஸ்லைட் போட்டுக் காட்டுவதும் நாங்கள்தான், நேரசூசி போடுவதும் நாங்கள்தான். அதற்காக வார்ட்டை 9 மணிக்குத் தொடங்க ஏலுமா? நோயாளிக்கு உடம்பு துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் விடியத்தானே.

அவள் மெடிக்கல் கொண்டு வரவில்லை. நான் பிறகு கேட்கவும் இல்லை, அன்றைக்கு வரவு போடவும் இல்லை. 80 வீதம் எப்படியோ வந்துவிட்டது, பரீட்சையும் எழுதினாள். ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். நாளைக்கு வேறொருத்தி வந்தாலும் அநேகமாக மெடிக்கல்தான் கேட்பேன். ஓபிடிக்குப் போக ஒரு ஓட்டோ பிடித்துக் கொடுப்பேனோ என்னவோ.