சுருளுக்குள் இருந்த மூன்று பிக்கோஃபாரட்

ஹாம் ரேடியோ ஆன்டெனாவுக்காக 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் ட்ராப் (சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அந்த அதிர்வெண்ணைத் தடுக்கும் அமைப்பு) ஒன்றைச் செய்ய முனைந்தபோது, 48.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் 1.5 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியை 50 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 20 சுற்றுகளாகச் சுற்றினேன். சுருளின் தூண்டலை (இண்டக்டன்ஸ்) கணிக்க வீலர் 1928-இல் வெளியிட்ட சூத்திரத்தில் ஆரத்தைக் கம்பியின் மையம் வரை கணக்கிட வேண்டும். முதலில் குழாயின் விட்டத்தை மட்டும் எடுத்ததால் 12.9 மைக்ரோஹென்றி என்று வந்தது, கம்பியின் தடிமனையும் சேர்த்து 50 மில்லிமீட்டர் விட்டமாகக் கொண்டதும் அது 13.6 ஆனது.

தூண்டலையும் மின்தேக்கத்தையும் அளக்கும் எல்சிஆர் மீட்டரும் 100 கிலோஹெர்ட்ஸில் 13.6 என்றே காட்டியது. அதற்குப் பொருந்த 27, 10 பிக்கோஃபாரட் மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் சேர்த்துப் பார்த்தால், ட்ராப் 6.82 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்தது. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போன பிறகும் இவ்வளவு விலகல் எங்கிருந்து வந்தது என்பது இரண்டு நாள்கள் எனக்குப் பிடிபடவில்லை.

சுற்றுகளுக்கிடையே இயல்பாகவே இருக்கும் மின்தேக்கத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதை அளக்க, மதிப்பை மீட்டரில் சரிபார்த்த 100, 220 பிக்கோஃபாரட் மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகச் சுருளுடன் இணைத்து, நானோவிஎன்ஏ-வில் (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் எதிர்வினையை வரைபடமாகக் காட்டும் சிறு கருவி) செருகிய இரண்டு சுற்று வளையத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, ஒத்ததிர்வால் வரைபடத்தில் பள்ளம் விழும் அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டேன். வளையத்தை நெருக்கமாக வைத்தால் அந்தப் பள்ளமே இடம் மாறிவிடுகிறது என்பதால், அது மங்கலாகத் தெரியும் தொலைவே நம்பத்தக்கது. கிடைத்தவை 4.252, 2.890 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் வர்க்கத்தின் தலைகீழ் மதிப்பை மின்தேக்கத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வை 4π²-ஆல் வகுத்தால் தூண்டல், கோடு மின்தேக்க அச்சைச் சுழிக்கு இடப்புறம் வெட்டும் தொலைவே சுருளின் சொந்த மின்தேக்கம். இரண்டு புள்ளிகள் போதும் என்றாலும், மூன்றாவது ஒன்று இருந்தால் அளவீட்டுப் பிழை உடனே தெரிந்துவிடும். எனக்கு 13.6 மைக்ரோஹென்றியும் 3 பிக்கோஃபாரட்டும் கிடைத்தன.

அந்த 3 பிக்கோஃபாரட்டால் சுருள் தனியாகவே ஏறத்தாழ 25 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் என்பதும், 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 14.8 மைக்ரோஹென்றி போல நடந்துகொள்ளும் என்பதும் கணக்கில் தெரிந்தன. குறைந்த அதிர்வெண்ணில் அளக்கும் மீட்டர் இதைக் காட்ட வழியே இல்லை. மொத்த மின்தேக்கம் 40 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் தேவைப்பட்ட தூண்டல் 12.6 மைக்ரோஹென்றிதான். ஒரு சுற்றைக் கழற்றியதும் 7.07-க்கு வந்தது, கடைசி மூன்று சுற்றுகளைச் சிறிது விலக்கி 7.1-இல் நிறுத்தி, கம்பி நகராதபடி முனைகளை எபாக்சியால் ஒட்டினேன்.