கடலுக்கும் கோடை விடுமுறை

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்தபோது எனக்குப் பாதிக் குரல்தான் மிச்சம் இருந்தது. 19 வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனது. “மாத்திரையை விட முக்கியம், கொஞ்ச நாள் பேசாம இருங்க” என்றார் மருத்துவர். வாலாஜாபேட்டையில் எங்கள் தெருவில் இறங்கினால் பேசாமல் இருக்க முடியாது. பாதி வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். அதனால் தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பத்து நாள் கிளம்பிவிட்டேன்.

டீச்சர் வேலை என்றால் கோடை முழுக்க ஓய்வு என்று வெளியில் நினைக்கிறார்கள். தேர்ச்சிப் பட்டியல், பயிற்சி வகுப்பு, மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவது எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது மூன்று வாரம். அதிலும் முதல் வாரம் வெறும் தூக்கம். இந்த முறை அக்கா வீட்டிலும் மூன்று நாள் தூங்கித்தான் தீர்த்தேன். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வரும், அலாரம் இல்லை என்று ஞாபகம் வரும், திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்தச் சுகத்துக்கு ஈடே இல்லை.

நான்காம் நாள் மின்சார ரயிலில் ராயபுரம் போனேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோடுக்கு ஓடியது என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன். “மிஸ், நம்ம ஊருக்கா?” என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் அந்த நிலையத்தை நான் பார்த்ததே இல்லை. இந்த முறைதான் முன்னால் நின்று தூண்களை அண்ணாந்து பார்த்தேன். பெரிய கூட்டம் இல்லை. திண்டிவனம், விழுப்புரம் என்று தெரிந்த ஊர்ப் பெயர்களை அடுக்குகிற அறிவிப்புச் சத்தமும் இல்லை. நிழலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

அப்புறம் காசிமேடு. மீன் வாங்கி வா என்று அக்கா பை கொடுத்து அனுப்பியிருந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. சில படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபைபர் படகில் வந்த கொஞ்சம் மீன்தான் விற்பனைக்கு இருந்தது. நெத்திலி வாங்கிக்கொண்டேன்.

நிழல் பார்த்து ஒரு பெரியவர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “இன்னாம்மா, வலை பின்றத பாத்ததில்லியா?” என்றார். தலையாட்டினேன். “மீனு முட்ட போட்ற நேரம். இப்ப கடல தொந்தரவு பண்ணக் கூடாது. நாங்க இத்தப் பாத்துக்குவோம்” என்று சொல்லி, ஊசியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. “அவுத்துட்டு மறுபடி போடும்மா, வரும்” என்றார், கோபமே இல்லாமல். மூன்றாவது நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் ஒருவர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது! வலை பின்னும்போது நூல் கேட்கிற பொறுமையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் எத்தனை நாள் காட்டியிருக்கிறேன் என்று யோசித்தபடியே இன்னும் பத்து முடிச்சு போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மெட்ரோவில் திருவொற்றியூர். தியாகராஜர் கோயிலில் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு, கடலோரம் பட்டினத்தார் சமாதிக்கு நடந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் அடங்கிய இடம். மணலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும்வரை எழவே மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து “அக்கா, பசிக்குது” என்றேன். குரல் தெளிவாக வந்ததை அவள்தான் முதலில் கவனித்தாள்.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்ததும் புதுப் பெயின்டோடு படகுகள் கடலுக்குப் போகுமாம். நான் அதற்குள் வகுப்பில் இருப்பேன். மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்கு எந்நேரம் ஆனாலும் வீடியோ கால் போட்டுக் காட்ட வேண்டும் என்று.