வாப்சில் எப்போது தூங்கினார்?

அச்சுப்படியின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது: "இவர் எப்போது தூங்கினார்?"

எழுதியவர் எங்கள் பதிப்பகத்தில் பிழை திருத்தும் பெரியவர். கேள்வி சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், ஆறாம் அத்தியாயத்தில் வரும் ஒரு வரியைப் பற்றியது. 1860-61இல் தொடராக வந்த கதை. கிறிஸ்துமஸ் அன்று, தப்பியோடிய கைதிகளைத் தேடிப் படைவீரர்கள் சதுப்பு நிலத்துக்குப் போகிறார்கள். சிறுவன் பிப், கொல்லன் ஜோ, தேவாலய எழுத்தர் வாப்சில் மூவரும் விருந்து முடிந்த கையோடு அவர்கள் பின்னால் போகிறார்கள். குளிர்காற்று, முகத்தில் அடிக்கும் பனிமழை, கால் புதையும் சேறு. திரும்பும்போது ஜோ பிப்பை முதுகில் சுமந்து வருகிறான். வழியெல்லாம் வாப்சில் கடுகடுவென்று வருகிறார். அந்தக் கடுகடுப்புக்கு டிக்கன்ஸ் சொல்லும் காரணம் இரண்டே சொல்: 'நாக்டு அப்' (knocked up). நான் அதை 'தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பப்பட்டதால்' என்று மொழிபெயர்த்திருந்தேன்.

பெரியவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. மூலத்தை அவர் பார்க்கவும் இல்லை. கேட்டபோது, "விருந்துல உட்கார்ந்திருந்தாரு, அப்புறம் சேத்துல நடந்தாரு, இப்ப திரும்பி வர்றாரு. நடுவுல படுக்கவே இல்லையே தம்பி, யாரு எழுப்புனா?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வாப்சிலை யாரும் எழுப்பவில்லை. நடந்து நடந்து ஓய்ந்துபோயிருந்தார். 'நாக் அப்' என்ற வினைக்கு அன்றைக்கு அந்தப் பொருளும் இருந்தது.

நான் சறுக்கியதற்குக் காரணம், முந்தின வருடம் அதே சொல்லைச் சரியாகப் பிடித்திருந்ததுதான். ஆர்தர் கானன் டாயில் 1892இல் வெளியிட்ட 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கதை தொடங்கும்போது வாட்சன் கண் விழிக்கிறார். மணி ஏழேகால்தான். கட்டிலருகே முழு உடையில் ஷெர்லாக் ஹோம்ஸ் நிற்கிறார். "உன்னை நாக் அப் பண்ணியதற்கு மன்னித்துக்கொள்" என்கிறார். முதலில் வீட்டுக்காரம்மாவை யாரோ எழுப்ப, அவர் ஹோம்ஸை எழுப்ப, ஹோம்ஸ் வாட்சனை எழுப்புகிறார். மேசையிலிருந்த கையகராதியோ அந்த வினைக்கு முதல் பொருளாக 'கர்ப்பமாக்கு' என்று போட்டிருந்தது. அங்கே அது ஒட்டவே ஒட்டாது. சற்று யோசித்ததும் 'தட்டி எழுப்பு' தானாக வந்து உட்கார்ந்தது. 'நாக்' என்றால் தட்டு, 'அப்' என்றால் மேலே. அதே தட்டு, அதே எழுப்பு. ஆங்கிலேயர்கள் நம்மிடம் கடன் வாங்கியதுபோல அவ்வளவு பொருத்தம். அந்த மகிழ்ச்சியில், எங்கே 'நாக் அப்' வந்தாலும் தட்டி எழுப்புவதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

பென்சில் கேள்விக்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியை ஒழுங்காகப் பிரித்துப் படித்தேன். 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முழுமை பெற்ற அகராதி அது. ஒரு சொல் எந்த ஆண்டில் எந்தப் பொருளில் புழங்கியது என்று மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்கித் தருகிறது. மொழிபெயர்ப்பவனுக்கு அதைவிட உதவியான ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து. ஜேன் ஆஸ்டினின் 1814ஆம் ஆண்டு நாவலான 'மான்ஸ்ஃபீல்டு பார்க்'கில் ஃபேனி என்ற பெண் சீக்கிரமே 'நாக்டு அப்' ஆகிவிடுகிறாள் என்று அவளுடைய பெரியம்மா குறைப்படுகிறாள். களைப்புதான், வேறொன்றுமில்லை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை ஆராயப் போனவர்களின் 19ஆம் நூற்றாண்டு நாட்குறிப்புகளில் குதிரைகள் அடிக்கடி 'நாக்டு அப்' ஆகின்றன. தண்ணீரில்லாமல் கால் மடங்கி நின்றுவிட்ட குதிரை என்று அர்த்தம்.

ஆனால் என்னை அதிக நாள் பிடித்துவைத்திருந்தது எழுப்புகிற பொருள்தான். அது வெறும் சொல்லாக இல்லாமல் ஒரு தொழிலாகவே இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷையர் பஞ்சாலை ஊர்களிலும் லண்டனின் கிழக்குப் பகுதியிலும் 'நாக்கர் அப்' என்று ஒருவர் இருந்தார். ஆலைக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனாலும் கூலியில் பிடித்துவிடுவார்கள். கடிகாரம் வாங்க வசதியில்லை. அதனால் வாரத்துக்குச் சில பென்னி கொடுத்து எழுப்ப ஆள் வைத்துக்கொண்டார்கள். நீளமான கம்பு, நுனியில் கம்பி. விடிவதற்கு முன் தெருவில் நின்றபடி மாடி ஜன்னல் கண்ணாடியில் மெதுவாகத் தட்டுவார். பலமாகத் தட்டினால் காசு கொடுக்காத அக்கம்பக்கத்தாரும் எழுந்துகொள்வார்களே. டர்ஹம் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வீட்டுச் சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை பதித்து, மறுநாள் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சாக்பீஸால் எழுதிவைத்துவிட்டுப் படுப்பார்கள்.

1930 வாக்கில் ஜான் டாப்பம் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. லண்டனில் மேரி ஸ்மித் என்ற அம்மா நடுத்தெருவில் நிற்கிறார். தலையை அண்ணாந்து, நீளமான ஊதுகுழலை வாயில் வைத்திருக்கிறார். காய்ந்த பட்டாணியை ஊதி ஜன்னலில் அடித்து எழுப்புவது அவர் முறை. கூலி வாரத்துக்கு ஆறு பென்னி. அந்தப் படத்தை நான் பல நாள் கணினியில் திறந்தே வைத்திருந்தேன். ஊரே உறங்கும்போது விழித்திருந்து, ஊர் எழுந்த பிறகு படுக்கப் போகிற பெண். டிக்கன்ஸும் டாயிலும் எழுதிய காலத்தில் 'நாக் அப்' என்றதும் சாதாரண வாசகர் பலர் காதில் அந்தக் கண்ணாடிச் சத்தமும் கேட்டிருக்கும்.

கையகராதி முதலில் போட்டிருந்த 'கர்ப்பமாக்கு' என்ற பொருள் அமெரிக்க வழக்கு. 1813 முதல் பதிவு இருக்கிறது. 1836இல் அங்கே அச்சான ஒரு வரி, ஏலக்காரர் சுத்தியலால் தட்டி விற்கும் அடிமைப் பெண்களை, வாங்கியவர்கள் கர்ப்பமாக்குவதைச் சொல்கிறது. முதலதற்கு 'நாக் டவுன்', அடுத்ததற்கு 'நாக் அப்'. இன்று சினிமாவில் கேலியாக வந்துபோகும் ஒரு சொல்லுக்குள் இது கிடக்கிறது. இதைப் படித்த பிறகு அந்தப் பொருளில் அச்சொல் வரும் வசனங்களை என்னால் லேசாக மொழிபெயர்க்க முடிவதில்லை.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் அகராதியின் முன்னுரையில், வினையோடு சிறு இடைச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைதான் அந்நியருக்கு ஆகக் கடினம் என்று எழுதியிருக்கிறார். இந்த வகைக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே 1925இல்தான் லோகன் பியர்சால் ஸ்மித்தின் புத்தகம் வழியாகப் பரவியது. நமக்கு இந்தச் சங்கதி அவ்வளவு அந்நியமா என்றால், இல்லை. தட்டு என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கேட்கிறோம், தட்டிக்கொடுக்கிறோம், தட்டிக்கழிக்கிறோம், பரிசைத் தட்டிச்செல்கிறோம், ஒருவர் பேச்சைத் தட்டாமல் நடக்கிறோம். தட்டிக்கேட்பவர் எதையும் தட்டுவதில்லை. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் இந்த வரிசையைப் பார்த்துத் திகைத்தால், ஜான்சன் சொன்ன அதே திகைப்புதான் அது.

அச்சகத்தில் ஒருநாள் பைண்டிங் பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் தாள் கட்டை இரண்டு கையாலும் பிடித்து, விசிறிபோல் லேசாக விரித்து, உள்ளே காற்றுப் புகவிட்டு, மேசையில் நிமிர்த்தி வைத்து நீளப் பக்கம் தட்டினார். திருப்பி அகலப் பக்கம் தட்டினார். நாலு தட்டில் ஐந்நூறு தாளின் ஓரமும் ஒரே தாளாக நின்றது. இங்கிலாந்து அச்சுக்கூடங்களில் இந்த வேலைக்கும் 'நாக் அப்' என்றுதான் பெயர். அன்று அவர் தட்டிக்கொண்டிருந்தது என் டிக்கன்ஸின் தாள்கள். வாப்சில் அந்தத் தாள் கட்டுக்குள் எங்கோ இருந்தார், ஓய்ந்துபோனவராகத் திருத்தப்பட்டு.

போன மாதம் விக்டோரியா காலத்துக் கிரிக்கெட் கட்டுரை ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. ஒரு மட்டையாளர் மதிய உணவுக்கு முன் நாற்பது ரன் 'நாக் அப்' செய்தார் என்று இருந்தது. வேகமாகச் சேர்த்தார் என்று பொருள். இந்த முறை நானே படியை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். 'நாற்பது ரன் தட்டினார்' என்று போட்டிருந்தேன், ஆங்கிலத் தட்டு தமிழிலும் நிற்கட்டுமே என்ற ஆசையில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வரியை இரண்டு தரம் படித்தார்.

"தட்டினாருன்னா மெதுவா ஒண்ணு ரெண்டா எடுத்த மாதிரில்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பென்சிலால் அடித்து மேலே எழுதினார்: 'மளமளவென்று நாற்பது ரன் குவித்தார்.'