மாம்பழப் பெட்டியில் போகாத வீணை

கிருஷ்ணகிரியில் ஏற்றுமதி என்றால் மாங்கூழ், விட்டால் கிரானைட். பழையபேட்டையில் நான் கணக்கு எழுதும் வாத்தியக் கடையிலிருந்து ஒரு வீணை மெல்போர்ன் போகும் என்று எங்கள் முதலாளியே நினைத்ததில்லை. ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாற்றுவது, தவிலுக்கு வார் பிடிப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. வருடத்துக்கு இரண்டு மூன்று வீணைகளைத் தஞ்சாவூரிலிருந்து தருவித்து வைப்போம். பொங்கலுக்கு ஊர் வந்த ஒரு பெண் அதில் ஒன்றை வாசித்துப் பார்த்தார், பணத்தைக் கட்டினார், "பார்சல் போட்டுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

வீணை எட்டு கிலோகூட இருக்காது. பெட்டியோடு சேர்த்து இருபது. ஆனால் கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுக்கிறார்கள். அந்தக் கணக்கும் தராசுக் கணக்கும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எங்கள் பெட்டி 140, 45, 45. விடை 56.7 கிலோ. முப்பத்தாறு கிலோ காற்றுக்குக் காசு கட்டுவதா என்று தபால் நிலையத்துக்கு ஓடினேன். விரைவுத் தபாலில் நீளம் 1.5 மீட்டர் வரை இருக்கலாம், சரி. நீளத்தையும் சுற்றளவையும் கூட்டினால் 3 மீட்டரைத் தாண்டக் கூடாதாம். எங்களுடையது 3.2. வீணையின் குடத்தைச் சீவவா முடியும்? திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்து பேக்கிங். இங்கே அந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டாலும் கை தானாக வைக்கோலுக்குத்தான் போகும். மாம்பழ ஊர் இல்லையா? ஆசாரி ஒரு கட்டு வைக்கோலும், மண்டியிலிருந்து நல்ல கெட்டியான மாம்பழ அட்டைப்பெட்டிகளும் கொண்டுவந்து இறக்கினார். ஆஸ்திரேலியாவில் இரண்டுமே ஆகாது. பூச்சி, விதை, நோய் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பதில் அவர்கள் மகா கறார். "வைக்கோல் இல்லாம என்னத்த சார் பேக்கிங்கு?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பபுள் ஷீட்டை அவர் கடைசிவரை மதிக்கவில்லை.

பெட்டி பிளைவுட்டில்தான் செய்தார். அழுத்தி ஒட்டிய பலகை என்பதால் அதற்குத் தடை இல்லை. மூலைகளில் அடித்த சட்டங்கள் சாதா மரம், அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பேக்கிங்குக்குப் பயன்படும் முழுமரம் உள்பாகம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை மரத்தில் இருக்க வேண்டும். ஓசூரில் இயந்திர பாகங்களுக்கு மரத்தட்டு செய்யும் ஒரு பட்டறையில் முத்திரை உள்ள சட்டங்கள் கிடைத்தன. நான்கு சட்டத்துக்கு ஒரு நாள் போயிற்று.

நடுவில் அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னார். 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனால் அங்கே தனியாக இறக்குமதி அறிக்கை, வரி என்று அலைச்சலாம். பில்லில் குறைத்துப் போட்டு 'அன்பளிப்பு' என்று எழுத முடியுமா? முடியாது என்றேன். நேர்மை ஒருபக்கம் இருக்கட்டும், வீணை உடைந்து போனால் பில்லில் எழுதிய தொகைக்குத்தானே இன்சூரன்ஸ் கிடைக்கும்? அவர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீணையின் கழுத்துக்கு அடியில் இருக்கும் சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகச் சுற்றினோம். பெயர்தான் சுரை, இது பைபர். தந்திகளை முழுக்க அவிழ்க்காமல் தளர்த்தி, அவற்றைத் தாங்கும் குதிரைக்கு அடியில் துணி கொடுத்தார் ஆசாரி. அவர் பயமெல்லாம் மெட்டுகள் மேல்தான், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள் மேல். வீணையின் 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன, வெயிலில் மெழுகு இளகினால் நகர்ந்துவிடும். ஏற்றுமதிக் காகிதங்களுக்கு அலைந்து அலைந்து பெட்டி கிளம்பியபோது சித்திரை பிறந்துவிட்டது. பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். அங்கே கிடங்கில் நான்கு நாள் கிடந்தது.

அவர் பயந்தது நடந்தது. பெட்டியில் கீறல்கூட இல்லை, மேல் ஸ்தாயியில் மட்டும் மூன்று மெட்டுகள் நகர்ந்திருந்தன. மெல்போர்னில் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியான இடத்தில் பதிக்க, ஆள் தேடி அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஆசாரியை வீடியோ அழைப்பில் உட்கார வைத்தேன். தந்தியை மீட்டினால் முதல் 'ணங்' மட்டும் வந்தது. பின்னால் நீளும் ஒலியை, அந்தக் கார்வையை, இரைச்சல் என்று நினைத்துப் போன் வெட்டிவிட்டது. கார்வை இல்லாமல் ஸ்வரம் சரியான ஸ்தானத்தில் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

கடைசியில், மெழுகை லேசாகச் சூடுகாட்டி மெட்டை ஒரு நூல் நகர்த்துவது, வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது, பதிலுக்குக் காத்திருப்பது என்று வழி செய்துகொண்டோம். அன்று மாலைக்குள் என் போனில் பதினேழு பதிவுகள். கடையை அடைக்கும் நேரம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதலாளி நிற்கிறார். ஆசாரி போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, "அந்த காந்தார ஸ்வரத்த மட்டும் இன்னொரு தடவ அனுப்பச் சொல்லுங்க" என்றார்.