மாடி அறையில் லெட்டூஸ்: செடியைவிட ஒயரிங்கில்தான் அதிக வேலை

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று சும்மா கிடந்தது. அதில் இப்போது லெட்டூஸும் இத்தாலியத் துளசியும் மண் இல்லாமல் தண்ணீரில் வளர்கின்றன. செடி வளர்ப்பைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், நான் கரண்ட் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் விதை முளைத்ததிலோ உரக் கரைசல் கலந்ததிலோ எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை, தலைவலி எல்லாம் சுவருக்குள் இருந்துதான் வந்தது.

அறையில் இருப்பவை: 100 வாட் எல்இடி விளக்குகள் ஆறு, சுவர் ஃபேன் இரண்டு, ஒரு எக்ஸாஸ்ட், தண்ணீரைச் சுற்ற வைக்கும் 40 வாட் மோட்டார், காற்று விடும் சின்ன பம்பு, பிறகு பழைய 1 டன் ஏசி. இன்வெர்ட்டர் ஏசி இல்லை, கம்ப்ரஸர் டக் டக்கென்று போட்டு அணைக்கிற பழைய ரகம். ஏசியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்து 800 வாட், அதாவது ஏறக்குறைய 4 ஆம்ப். ஏசி ஒரு 5 ஆம்ப். ஆக மொத்தம் 9 ஆம்ப்தான், த்ரீ ஃபேஸ் இருக்கிற வீட்டுக்கு இது ஒன்றுமே இல்லை என்று யாரும் சொல்வார்கள். வாட்டைக் கூட்டிப் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் வந்த பிரச்சினைகளில் ஒன்றுகூட லோடு அதிகமானதால் வந்ததில்லை.

முதலில் கவனித்தது ஷாக். விளக்கின் அலுமினியச் சட்டத்தைப் புறங்கையால் தொட்டால் ஒரு சுரீர். டெஸ்டர் வைத்தால் மினுக் மினுக்கென்று எரிந்தது. ஒயர் எங்கேயோ உரிந்து சட்டத்தில் படுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும், எதுவும் உரியவில்லை. இந்த விளக்குகளின் டிரைவருக்குள் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) பேஸில் இருந்து ஒன்றும் நியூட்ரலில் இருந்து ஒன்றுமாக எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள், ரேடியோ இரைச்சலை வடிகட்ட. எர்த் ஒழுங்காக இருந்தால் அதன் வழியாக வரும் அரை மில்லிஆம்ப், ஒரு மில்லிஆம்ப் பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் சட்டம் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், 115 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் ஈரக் கையோடு தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்பவனுக்கு அது வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் மூன்று துளை இருக்கிறது, உள்ளே வருவதோ இரண்டே ஒயர். எர்த் துளை வெறும் அலங்காரம். கடையில் இப்படி எத்தனை விற்கிறார்களோ!

அதே பாக்ஸில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பிளக்கை உருவிய கையோடு பின்னைத் தொட்டால் சுட்டது. 4 ஆம்ப்தானே, ஏன் சுட வேண்டும்? உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு பிடிப்பு இல்லாமல் விரிந்திருந்தது. அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தால் போதும், 4 ஆம்ப் ஓடும்போது 8 வாட் சூடு. ஒரு எல்இடி பல்பு எரிகிற அளவு கரண்ட், பட்டாணி அளவு உலோகத்தில் சூடாக இறங்குகிறது. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும், அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம் ஓடும், அதனால் வீட்டில் இது வெளியே தெரியாமலே வருஷக்கணக்கில் போய்விடும். செடி விளக்கு தினமும் 16 மணி நேரம் எரிகிறது. சுமாரான ஜாயிண்ட் எதுவாக இருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும். அந்த பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் ஆளுயரத்தில் 15 ஆம்ப் பாயிண்ட்டுகளாக வரிசையாக அடித்து, ரெண்டரை (2.5 சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுத்தாயிற்று. தரையில் இனி ஒரு பிளக்கும் இல்லை.

சரி, அடுத்தது ட்ரிப். டைமர் விளக்கைப் போடும் நேரத்தில் எம்.சி.பி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழும். தினமும் விழுந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு நாள் விழும், மூன்று நாள் விழாது, மறுபடி விழும். காலையில் போய்ப் பார்த்தால் அறை இருட்டாக இருக்கும். அந்த சர்க்யூட்டில் இருந்தது பி டைப் 10 ஆம்ப் எம்.சி.பி. பி டைப் என்றால் மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்ட் ஒரே நேரத்தில் பாய்ந்தால் உடனே விழும், அதாவது 30 முதல் 50 ஆம்ப். எல்இடி டிரைவர் ஒவ்வொன்றும் ஸ்விட்ச் போட்ட கணத்தில் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்ள, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குப் பல பத்து ஆம்ப் இழுக்கும். ஆறு டிரைவரும் ஒரே டைமரில். வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஏறி இறங்குவதால் ஸ்விட்ச் விழும் அந்தக் கணத்தில் வோல்டேஜ் உச்சியில் இருந்தால் பெரிய பாய்ச்சல், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு நாள் விழுந்து மறுநாள் விழாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

கரண்ட் போய்ச் சில நொடியில் திரும்பி வரும்போது அநேகமாக விழுந்தே தீரும், அதற்கும் காரணம் இருக்கிறது. அந்த முதல் பாய்ச்சலைத் தடுக்க டிரைவருக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். குளிர்ந்திருந்தால் தடை அதிகம், சூடானால் குறைவு. விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய் உடனே வந்தால் தெர்மிஸ்டர் இன்னும் சூடாகத்தான் இருக்கும், தடுக்க ஆள் இல்லை.

தெரிந்தவர் ஒருவர், "20 ஆம்ப் எம்.சி.பி போட்டுவிடுங்க சார், விழவே விழாது" என்றார். விழாதுதான். அந்த சர்க்யூட்டில் சுவருக்குள் ஓடுவது ஒன்றரை ஒயர், மற்ற லைட்டு ஃபேனும் அதில்தான், எம்.சி.பி இருப்பதே அந்த ஒயரைக் காப்பாற்றத்தான். ஆம்ப்பைக் கூட்டாமல் அதே 10 ஆம்ப்பில் சி டைப் போட்டோம். அது ஐந்து முதல் பத்து மடங்கு வரை தாங்கும், தொடர்ந்து ஓடும் கரண்ட்டுக்கு அதே 10 ஆம்ப் வரம்புதான். கூடவே விளக்குகளை இரண்டு இரண்டாகப் பிரித்து, சில நிமிட இடைவெளியில் எரியும்படி மூன்று டைமர். அதோடு அது ஓய்ந்தது.

டைமர் என்றதும் ஞாபகம் வருகிறது. முள் சுற்றுகிற மாதிரியான டைமர்தான் முதலில் வைத்திருந்தது, மேலே 16 ஆம்ப் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். ஒரு மதியம் முள் அணைக்கிற இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. விரலால் ஒரு தட்டு தட்டினேன், டிக் என்று சத்தம், அணைந்தது. அந்த முதல் பாய்ச்சலில் உள்ளே இருக்கும் கான்டாக்ட் லேசாக உருகி ஒட்டிக்கொள்கிறது. 16 ஆம்ப் என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு, கெப்பாசிட்டர் லோடுக்கு இல்லை. இப்போது டைமர்கள் கான்டாக்டரின் (காயிலுக்குக் கரண்ட் வந்தால் காந்தம் இழுத்துப் போடும் கனமான ஸ்விட்ச்) காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கின்றன, விளக்குக்கான கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகிறது. எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் கிடைக்கும், ஒன்றும் பெரிய விலை இல்லை.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏசி கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது மாடி விளக்கு மங்கும். அது பல வீட்டில் நடப்பதுதான். ஆனால் அம்மா கீழே இருந்து ஒன்று சொன்னார், "மேல உன் மிஷின் உறுமும்போதெல்லாம் பூஜை ரூம் ஜீரோ வாட் பல்பு பளிச்சுன்னு ஏறுதுடா." (ஜீரோ வாட் என்று பெயர்தான், 15 வாட் இழுக்கும்.) மங்கினால் லோ வோல்டேஜ். ஒரு பக்கம் மங்கி இன்னொரு பக்கம் ஏறினால் அது நியூட்ரல். த்ரீ ஃபேஸ் வீட்டில் மூன்று பேஸுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகும் வழி ஒரே நியூட்ரல். அது எங்கேயாவது லூசாக இருந்தால் லோடு அதிகமாக இருக்கும் பேஸில் வோல்டேஜ் இறங்கி, மற்ற பேஸ்களில் ஏறும். முழுக்கவே விட்டுப்போனால் லோடு குறைவாக இருக்கும் பக்கத்தில் 230-க்குப் பதிலாக 400-ஐ நெருங்கும், டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

மெயின் போர்டைத் திறக்கிற வேலையை நான் தொடவில்லை, லைசென்ஸ் இருக்கிற வயர்மேன் அண்ணன் வந்தார். பிளக் பாயிண்ட்டுகளில் வோல்டேஜ் பார்க்கும் மீட்டரை வைத்து, ஏசியைப் போடச் சொல்லிப் பார்த்தோம். மாடி பேஸ் 226-ல் இருந்து 195-க்கு விழுந்து எழுந்தது, பூஜை அறைப் பக்கம் அதே நேரத்தில் 240-க்குப் போனது. மெயினை அணைத்துவிட்டுப் போர்டைத் திறந்தார். நியூட்ரல் ஒயர்கள் வந்து சேரும் நியூட்ரல் லிங்க்கில் ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழே கறுப்பு உறை பழுப்பாகிச் சுருங்கி, செம்புக் கம்பி நீலமும் கறுப்புமாகக் கருகியிருந்தது. திருப்புளியை வைத்தால் ஸ்க்ரூ முக்கால் சுற்று சும்மாவே சுற்றியது. "தம்பி, லோடெல்லாம் உங்க வீட்டுக்கு ஒண்ணுமே இல்ல. இந்த ஒரு ஸ்க்ரூதான் வீட்டையே எரிச்சிருக்கும்" என்றார். கருகிய பகுதியை வெட்டி, லக் அடித்து, லிங்க்கையே புதிதாக மாற்றி, மற்ற ஸ்க்ரூக்களையும் ஒரு சுற்று இறுக்கினார். யூனிட் கணக்கெடுக்கும் மீட்டருக்கு முன்னால் சீல் வைத்த பகுதி நம் வேலை இல்லை, அங்கே சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுப்பதுதான் வழி. எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. பல்பு ஏறுவது நின்றது, மாடி பேஸ் இப்போது ஸ்டார்ட்டிங்கில் 218 வரை வந்து எழுகிறது.

அப்புறம் ஆர்.சி.சி.பி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் அணையும் ஸ்விட்ச். மொத்த வீட்டுக்கும் சேர்த்து ஒரே 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி, அது விழுந்தால் வீடு முழுக்க இருட்டு. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் விழ ஆரம்பித்தது, பெரும்பாலும் ராத்திரியில். அம்மாவுக்கு ஃப்ரிட்ஜில் இருக்கும் தோசை மாவு கவலை, நியாயமான கவலை. ஆர்.சி.சி.பி போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று மட்டும்தான் பார்க்கும். 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஆறு டிரைவரும் சட்டத்துக்கு அனுப்பும் அந்த அரை, ஒரு மில்லிஆம்ப் இப்போது ஒழுங்காக எர்த்துக்குப் போகிறது அல்லவா, அதுவே சேர்ந்து நாலைந்து ஆகிவிடும். ஏசி, கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம். ஏற்கெனவே பாதி நிரம்பிய பாத்திரத்தில் மோட்டார் கடைசிச் சொட்டை விட்டது. அண்ணன் டிரைவர்களை எல்லாம் கழற்றிவிட்டு (ஒயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர் 500 வோல்ட் விடும், எலெக்ட்ரானிக்ஸை வைத்துக்கொண்டு மெக்கர் பார்க்கக் கூடாது) ஒவ்வொன்றாகச் சோதித்தார். தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார் ஒரு மெகாஓமுக்கும் கீழே காட்டியது. கேபிள் மோட்டாருக்குள் நுழையும் ரப்பர் அருகில் மயிரிழை விரிசல்.

மோட்டார் புதிது வாங்கினேன், அண்ணன் மாடி அறைக்கு ஆர்.சி.பி.ஓ (எம்.சி.பி-யும் ஆர்.சி.சி.பி-யும் ஒன்றாகச் சேர்ந்தது) ஒன்று தனியாகப் போட்டு, அதன் லைனை வீட்டு ஆர்.சி.சி.பி-க்கு முன்னாலேயே பிரித்து எடுத்தார். இனி விழுந்தால் அறை மட்டும் விழும். கேபிள்கள் எல்லாம் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொங்கல் தொங்கி மேலே ஏறுகின்றன, வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஆர்.சி.பி.ஓ போட்ட அன்றே புதுக் கூத்து. கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று மோட்டாரையும் காற்று பம்பையும் அறையில் ஏற்கெனவே இருந்த இன்வெர்ட்டர் பாயிண்ட்டில் செருகினேன், உடனே விழுந்தது. மோட்டார் புதிது, லீக் இல்லை. வீடு கட்டும்போது இன்வெர்ட்டருக்கு பேஸ் மட்டும் தனியாக இழுத்து, நியூட்ரலை அறையில் இருந்ததிலேயே சேர்த்திருக்கிறார்கள், நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் இப்படித்தான். கரண்ட் இன்வெர்ட்டர் பேஸில் வந்து ஆர்.சி.பி.ஓ நியூட்ரலில் திரும்பினால் அதற்கு எல்லாமே லீக்தான். 40 வாட் என்றால் 170 மில்லிஆம்ப், 30 எங்கே 170 எங்கே. இன்வெர்ட்டரில் இருந்து அந்தப் பாயிண்ட்டுக்கு நியூட்ரலையும் தனியாக இழுத்தபிறகு அமைதி. இந்தப் பாயிண்ட் செடிக்கு முக்கியம், ஏனென்றால் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல், 30-ல் ஏழரை. சித்திரை மாதத்தில் ஏசியும் இல்லாமல் காற்றும் இல்லாமல் சில மணி நேரம் போனால் லெட்டூஸ் துவண்டுவிடும்.

சாயங்கால லோ வோல்டேஜுக்குச் செலவில்லாத வழி கிடைத்தது. எல்இடி டிரைவர் வோல்டேஜ் குறைந்தால் மங்காது, அதே 100 வாட்டை எடுக்கக் கூடுதல் கரண்ட் இழுக்கும். 600 வாட்டுக்கு 230-ல் 2.6 ஆம்ப், 180-ல் 3.3. ஏசி கம்ப்ரஸரோ 180-ல் சுற்ற முடியாமல் முனகும், அதற்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது. இரண்டுக்கும் அந்த நேரத்தில் வேலை வைக்காமல் இருப்பதே நல்லது என்று, செடிகளின் பகலை இரவு 10-ல் இருந்து மதியம் 2 வரை மாற்றிவிட்டேன். லெட்டூஸுக்குப் பகல் எது என்று நாம் சொல்வதுதான். பிற்பகல் சூட்டிலும் சாயங்கால லோடிலும் விளக்கு அணைந்திருக்கிறது, ஏசி ஓடும் நேரமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

பில்லைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். விளக்கு மட்டும் ஒரு நாளைக்கு 9.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 576. இலவச 100 யூனிட் எங்கே போனது என்றே தெரியாது, ஸ்லாபும் ஏறிவிடுகிறது. மார்க்கெட்டில் லெட்டூஸ் இதைவிட மலிவு, அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை.

இன்னும் பாக்கி இருப்பது எர்த் குழி. விளக்கெல்லாம் எரியும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் 2 வோல்ட் காட்டுகிறது, அது பரவாயில்லை, ஆனால் மழைக்காலத்தில் எடுத்த அளவு அது. கோடையில் குழி காய்ந்தால் என்ன காட்டும் என்று பங்குனியில் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பழைய ஜி.ஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைத் தோண்டி எடுத்துப் புதிது இறக்கச் சொல்ல வேண்டும்.