சின்னனாப் போன சட்டைகள்: யூலை நாட்குறிப்பு

யூலை 5, சனி

சோளகம் நல்லா அடிக்குது, தோய்ச்சுப் போடுறதெண்டா இதுதான் காலம். 19ம் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மண்டபத்தில பிள்ளையளின்ர பாவிச்ச சாமான் விக்கப் போகினம், கொஞ்ச அம்மாமார் சேர்ந்து செய்யினம். நாங்கள் துப்புரவாக்கி விலை எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தாச் சரி, அவை நிண்டு வித்துத் தருவினம், நூறு ரூவாய்க்கு வித்தா எழுபது எங்களுக்கு, முப்பது மண்டப வாடகைக்கும் மிச்சச் செலவுக்கும். விக்காததைப் பின்னேரம் திருப்பி எடுக்கலாம்.

மாமிக்குச் சொன்னதும் முகம் சுருங்கிப் போச்சு. "பிள்ளையின்ர உடுப்பை விக்கிறதோ? இல்லாததுகளுக்குச் சும்மா குடுத்தாப் புண்ணியமெல்லே பிள்ளை" எண்டா.

நான் வாய் திறக்கேல்லை. ஆனா சும்மா குடுக்கிற கதை எனக்குத் தெரியும். தெரிஞ்ச ஒரு வீட்டுக்கு முந்தி ஒரு பை நிறையக் குடுத்தனான், எல்லாம் நல்ல உடுப்பு, ஒண்டைத்தன்னும் அந்தப் பிள்ளை போட்டு நான் காணேல்லை. றோட்டில நான் கண்டா "இது எங்கடை" எண்டு நினைப்பன் எண்டு தாய்க்கு ஒரு கூச்சம், வேற என்ன. சும்மா வாங்கினா ஆயுசுக்கும் முகம் பாக்கோணும். இருநூறு ரூவா குடுத்து வாங்கினா அது அவையின்ர சட்டை, பேந்து ஆருக்கு என்ன கதை.

யூலை 6, ஞாயிறு

கட்டிலுக்குக் கீழ கிடந்த சூட்கேஸ் எல்லாம் இழுத்தாச்சு. திறந்த உடன பூச்சி உருண்டை மணம் மூக்கில அடிச்சுது. அது நப்தலீன். ஜீ சிக்ஸ் பீ டீ எண்ட நொதியம் குறைஞ்ச குழந்தையளுக்கு, அந்த உருண்டையோட கிடந்த உடுப்பை அப்பிடியே எடுத்துப் போட்டா ரத்தத்தில சிவப்பணு உடைஞ்சு செங்கமாரி வரலாம். எந்தப் பிள்ளைக்கு அது குறைவு எண்டு ஆருக்குத் தெரியும். அதால எல்லாத்தையும் ஒருக்காத் தோய்ச்சு, கொடியில ரெண்டு மூண்டு நாள் காத்தாட விட்டுத்தான் குடுக்கிறது. இனி வேப்பிலை போதும்.

அடியில கனடாவில ஸ்காபரோவில இருக்கிற அக்கா அனுப்பின பனிக்கால ஜக்கெட். ஊதாக் கலர், உள்ளுக்குப் பஞ்சு வைச்சுத் தைச்சது. யாழ்ப்பாணத்து வெய்யிலுக்கு இது என்னத்துக்கெண்டு அக்காவைக் கேக்கவும் ஏலாது, பாசத்தில அனுப்பினது. நுவரெலியா போகேக்க மூத்தவள் போட்டது, அவ்வளவுதான். இவர் "இதை ஆர் வாங்கப் போகினம்" எண்டார். இருக்கட்டும், பாப்பம்.

யூலை 10, வியாழன், போயா (பறுவம்)

எல்லாருக்கும் லீவு, எனக்குக் கிணத்தடி.

சின்னவன்ர வெள்ளைப் பெனியனுகள் கழுத்தடியில மஞ்சளாக் கிடக்கு, மடிச்சு வைக்கேக்க ஒரு பொட்டுக் கறையும் இல்லை. பால் கறை உப்பிடித்தான், தோய்ச்சாலும் கொழுப்புக் கொஞ்சம் நூலுக்க நிண்டு காத்துப் பட்டுப் பட்டு வருசம் போக மஞ்சளாகும். நகச்சூட்டுத் தண்ணியில சவுக்காரத்தூள் போட்டு இரவு முழுக்க ஊற வைச்சு, காலம வெய்யிலில விரிச்சா முக்கால்வாசி போயிடும்.

செம்பாட்டு மண்தான் சண்டைக்காரன். மூத்தவள் கோண்டாவில் அம்மம்மா வீட்டுத் தோட்டத்தில உருண்டு பிரண்டு வந்த சட்டையெல்லாம் விளிம்பு முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பு இரும்பால வாறது, இரும்புக் கறள் மாதிரித்தான், குளோரின் ஊத்தினா விடாது, இன்னும் இறுகிப் பிடிக்கும். தேசிக்காய் பிழிஞ்சு உப்புத் தேய்ச்சு வெய்யிலில போட்டு, காய முதல் அலசோணும். கலர்ச் சட்டையெண்டா உள்மடிப்பில ஒருக்காத் தேய்ச்சுப் பாத்திட்டுத்தான். அப்பிடியும் ரெண்டு சட்டை சரிவரேல்லை, அது சைக்கிள் துடைக்க.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்கால வாறதெண்டபடியா சவுக்காரம் நுரைக்கவும் பஞ்சிப்படும், காய்ஞ்ச பிறகு துணி விறைச்சுக்கொண்டு நிக்கும். கடைசி அலசல் தண்ணிக்குள்ள கொஞ்சம் வினாகிரி விட்டன், பிள்ளையள் போடுற பதத்துக்கு மெதுவா வந்திட்டுது.

யூலை 12, சனி

இண்டைக்கு மினுக்கிறதும் அளவெடுக்கிறதும். கனடாச் சட்டையில 2ரீ எண்டு கிடக்கு, லண்டனால வந்ததில 2-3 வயசு, ஜேர்மனி மச்சாள் அனுப்பினதில 92 எண்டு கிடக்கு, அது பிள்ளையின்ர உயரம் சென்ரிமீற்றரில. கஸ்தூரியார் வீதியில வாங்கின இந்தியச் சட்டையில 20, 22 எண்டு வேற கணக்கு. வாங்க வாற ஆளுக்கு இதெல்லாம் என்னெண்டு விளங்கும். அதால அளவு நாடாவை எடுத்துத் தோள்மூட்டில இருந்து விளிம்பு மட்டும் எத்தினை அங்குலம் எண்டு துண்டில எழுதிறன், பக்கத்தில எத்தினை வயசுப் பிள்ளைக்குக் காணும் எண்டும். எங்கட பிள்ளையள் மெலிவு, 2ரீ எங்கட மூண்டு வயசுக்கும் காணும்.

துண்டு குத்துறதுக்கும் ஒரு முறை கிடக்கு. சேப்ரிப்பின்னை நெஞ்சுப் பக்கம் குத்தினா மெல்லிய துணியில ஓட்டை விழும், பக்கத் தையலில குத்தோணும். ஹாங்கரில கொழுவேக்க முன்பக்கம் எங்களைப் பாக்க, கொக்கி கேள்விக்குறி மாதிரி இடப்பக்கம் திறந்திருக்கோணுமாம், எல்லாம் ஒரே மாதிரி நிண்டாத்தான் கம்பியில தள்ளித் தள்ளிப் பாக்கலாம். சப்பாத்துச் சோடியை நாடாவால ஒண்டாக் கட்டாட்டிப் பின்னேரம் ஒரு கால்தான் திரும்பி வரும்.

விலை எழுதிறதுதான் கரைச்சல். கடையில இண்டைக்கு என்ன விலையோ அதில மூண்டில ஒண்டு, பட்டன் மாத்தினது, துணி பொங்கினது எண்டா இன்னும் கீழ. 2022க்குப் பிறகு விலையெல்லாம் ஏறிப்போய்க் கிடக்கேக்க மூண்டில ஒண்டே சின்னக் காசில்லை.

யூலை 13, ஞாயிறு

பெரிய சாமான். வோக்கர் நல்ல நிலையில கிடக்கு, சில்லும் ஓடுது, ஆனா நான் குடுக்கப் போறேல்லை. கனடாவில 2004ல இருந்து வோக்கர் தடை, பாவிச்சதைக் கூட விக்கேலாது எண்டு அக்கா சொன்னவா. நடக்கத் தெரியாத பிள்ளை அதுக்க இருந்து ஒரு உந்து உந்தினா நாங்கள் எட்டிப் பிடிக்க முதல் போயிடும், எங்கட வீடுகளில விறாந்தைப் படி, அங்கால கிணறு. இவர் "ஆயிரத்தைஞ்ஞூறுக்குப் போகுமே" எண்டு முணுமுணுத்தார். சில்லைக் கழட்டி எடுத்துப்போட்டு மிச்சத்தை உடைச்சாச்சு.

வேப்பம் பலகைத் தொட்டில் குடுக்கலாம். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில சோடா ரின் போகுதோ எண்டு பாத்தன், போகேல்லை, அப்ப பிள்ளையின்ர உடம்பு நழுவித் தலை மாட்டாது. மெத்தையை ஒரு ஓரம் தள்ளினா ரெண்டு விரல் இடைவெளிக்கு மேல இல்லை.

பாட்டுப் பாடுற மீன் பொம்மைக்குள்ள பற்றறி கசிஞ்சு வெள்ளையாப் பூத்துக் கிடந்துது, வினாகிரி தொட்ட பஞ்சால துடைச்சுப் புதுசு போட்டன், பாடுது. பட்டன் பற்றறி போடுற வெளிச்சப் பம்பரத்துக்கு மூடியில ஸ்குரூ இல்லை, அது நேர குப்பைக்கு. அந்தப் பட்டன் பற்றறியை விழுங்கின பிள்ளைக்கு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தொண்டைக்குழாய் வெந்து போகலாம். பால் போத்தல், சூப்பி ஒண்டும் விக்கிறேல்லை.

யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. குசினியில கூழ், கொழுக்கட்டை, மேசையில விலைத் துண்டு. மாமி கொழுக்கட்டை பிடிச்சுக்கொண்டு இஞ்சால எட்டி எட்டிப் பாத்தா. கடைசியில கை கழுவிப்போட்டு வந்து, "அந்தப் பட்டுப் பாவாடை சட்டை ஐஞ்ஞூறோ? உனக்கென்ன விசரே? கோயிலுக்கு ஒரு நாள் போட்டது, நல்லூர் கொடியேற இன்னும் எத்தினை நாள் கிடக்கு, சனம் தேடித் திரியும், ஆயிரத்தைஞ்ஞூறு எழுது." எழுதினன். பிறகு பேனை அவவின்ர கையில, புண்ணியம் எண்ட கதையே இல்லை.

ஏணைச் சீலையை மட்டும் தொட விடேல்லை. அவவின்ர கூறைச் சீலையில்லை, சும்மா வொயில் சீலைதான், இவரும் அதிலதான் ஆடினவராம். மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சா.

யூலை 19, சனி

காலம ஏழரைக்கே ஓட்டோவில ஏத்திக் கொண்டுபோய்க் குடுத்தாச்சு. எனக்கும் ஒரு மணித்தியாலம் நிண்டு உதவி செய்யச் சொன்னவை. நல்ல சனம். எல்லாரும் முதல் பாக்கிறது சட்டையின்ர உள்பக்கம், கழுத்தும் கமக்கட்டும். பட்டுப் பாவாடை பத்து மணிக்கு முதலே வித்துப் போயிட்டுது, மாமி சொன்ன விலைக்கு!

மத்தியானத்துக்குப் பிறகு பாதி விலை. ஒரு அம்மா ஒரு பூப்போட்ட சட்டையை எடுக்கிறதும் வைக்கிறதுமா நிண்டா. மேசையில நிண்ட பிள்ளை இரக்கப்பட்டு "சும்மா கொண்டுபோங்கோ அக்கா" எண்டாள், அவ டக்கெண்டு சட்டையை வைச்சிட்டு அங்கால போயிட்டா. நான் பின்னால போய், "அக்கா, அது ஐம்பது ரூவா, பாதி விலை போட்டாச்சு" எண்டன். திரும்பி வந்து காசைக் குடுத்து, மிச்சம் எண்ணி வாங்கிக்கொண்டு, பையில போட்டுக்கொண்டு போனா.

யூலை 20, ஞாயிறு

என்வலப் வந்திட்டுது, முப்பது வீதம் கழிச்சு 9,870 ரூவா. ஊதா ஜக்கெட்டும் வித்துப் போயிட்டுது, மார்கழியில ரொறன்ரோ போற ஒரு குடும்பம், விலை பேசாம எடுத்தவை எண்டு சொல்லிச்சினம். அக்காவுக்கு வட்ஸ்அப்பில போட்டன், சிரிப்புப் படம் ஒண்டு அனுப்பினா, பிறகு "இன்னும் ரெண்டு கிடக்கு, அனுப்பட்டோ" எண்டு கேக்கிறா. தொட்டில் விக்கேல்லை, ஏத்தி வந்த ஓட்டோக் காசுதான் நட்டம், அடுத்தமுறை மார்கழியில வைப்பினமாம், அதுமட்டும் சாமியறை மூலையில நிக்கட்டும்.