பட்டுப்போன மரத்தின் பெயர்

கடலூர் வட்டாரத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில், முன்னாள் படைவீரர்கள் எழுப்பிய நினைவுத்தூணுக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் மரம் நட்டு வளர்க்கும் பொறுப்பு, தோட்டக்கலைப் பணியில் இருந்த எனக்குத் தரப்பட்டது. போரில் உயிர்நீத்த ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என்பது அவர்கள் விருப்பம். முதல் கூட்டத்திலேயே ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், "மரம் பட்டுப்போனால் அந்தப் பெயர் என்ன ஆகும், தம்பி?" என்று கேட்டார். என் பணிக்காலத்தில் நான் எதிர்கொண்ட கேள்விகளில் மிக முக்கியமானது அதுவே.

கல்லுக்கு இந்தக் கேள்வி இல்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களை உப்புக்காற்றின் நடுவிலும் இன்றுவரை நினைவுபடுத்துகிறது; ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று அங்கே மரியாதை செலுத்துகிறார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா'க்களின் குடும்பங்கள் வாழும் ஊரில் அதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை. மரங்களையே நினைவுச் சின்னமாக்கிய ஊர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில், அதே போருக்குச் சென்றவர்களின் பெயரால் 1917 முதல் 1919 வரை நடப்பட்ட மர வரிசை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுடையது. முன்நின்று அதை நட்டவர்கள் லூகாஸ் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். பதவி பாராமல், படையில் சேர்ந்த வரிசையிலேயே மரங்களை ஒதுக்கினார்கள் என்று நான் சொன்னதும், எங்கள் ஊர்ப் பெரியவர்களும் அந்த முறையையே ஏற்றார்கள்.

எந்த மரம் என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. விரைவில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தைப் பலர் விரும்பினார்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில், அகலக் கிளைபரப்பிய சாலையோர மரங்கள் வேரோடு சாய்ந்ததை நான் பார்த்திருந்ததால், அதை உறுதியாக மறுத்தேன். புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கக்கூடியவை. பூவரசைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு எளிதாக வளர்க்கலாம் என்றாலும், போத்துக்கு ஆணிவேர் இறங்காது. அதனால் விதைக்கன்றுகளையே கேட்டு வாங்கினேன். பையில் நெடுநாள் இருந்து வேர் சுருண்ட கன்றுகளைத் திருப்பி அனுப்பினேன். ஆடு மேயாதிருக்கக் கூண்டு, கோடைக்குத் தண்ணீர் என மற்ற ஏற்பாடுகள் எல்லா ஊர்களிலும் உள்ளவைதான்.

பெயர்ப்பலகையைத் தண்டில் ஆணியடித்து மாட்ட நான் இசையவில்லை. ஆணி துளைத்த இடத்தில் பட்டை காயப்பட்டு அழுகும். தண்டு பருக்கப் பருக்கப் பலகையும் உள்ளே புதையும். ஒவ்வொரு குழிக்கும் சற்றுத் தள்ளிச் சிறு கருங்கல் பதித்து, அதில் பெயரைச் செதுக்கினோம். சுபேதாரின் கேள்விக்கு விடையும் அதிலேயே கிடைத்தது: பெயர் அந்த இடத்துக்கு உரியது, அங்கே நிற்கும் மரம் அதற்குத் துணை. மரம் பட்டுப்போனால் அதே இனக் கன்றை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் நடவேண்டும், அதற்கென உபரிக் கன்றுகள் நாற்றங்காலில் எப்போதும் இருக்கவேண்டும் என்று ஊர்ப் பதிவேட்டில் எழுதி, அந்தந்த வீரரின் குடும்பத்தாரிடமும் கையொப்பம் பெற்றோம்.